கார் ரிமோட் சாவி, ரிமோட் ஸ்டார்ட், உள்ளே இருக்கும் சுவிட்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவியைத் திருகினால் ஓடும், திரும்பத் திருகினால் நிற்கும் என்றிருந்த வண்டிகள் குறைந்துவிட்டன. இப்போது நமக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. பட்டனை அழுத்துவது அதனிடம் விண்ணப்பம் போடுவது மாதிரி. கதவு, கியர், பிரேக் என்று வரிசையாகப் பார்த்து, எல்லாம் சரியென்றால்தான் அது ஒப்புதல் கொடுக்கும். "ரிமோட் போச்சு" என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் ரிமோட் நன்றாகத்தான் இருந்தது, விண்ணப்பம்தான் நிராகரிக்கப்பட்டிருந்தது. கீழே உள்ள பதில்களில் நொடிக்கணக்கும் பட்டன் வரிசையும் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். இறுதி வார்த்தை உங்கள் வண்டியின் கையேட்டுக்குத்தான்.

ரிமோட்டை அழுத்தினால் எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது?

ரிமோட்டுக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். அழுத்தியதும் அது ஒரு ரகசிய எண்ணை அனுப்பும். ஒவ்வொரு தடவையும் எண் மாறும், அடுத்து எது வரும் என்பது ரிமோட்டுக்கும் வண்டிக்கும் மட்டுமே தெரியும். அதனால் ஒருவர் அந்த அலையைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு மறுநாள் ஒலிபரப்பினால் கதவு திறக்காது.

எண் பொருந்தியதும் கணினி தன் சோதனைகளை முடித்துவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும். எஞ்சின் தானாகச் சுழலத் தொடங்கியது தெரிந்ததும் மோட்டாரை விடுவித்துவிடும். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வருவதற்கு முன்பு, வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த வேலையைத்தான் இப்போது மாடியில் நின்றபடி கட்டைவிரலால் செய்கிறோம்.

எந்த வரிசையில் அழுத்த வேண்டும்?

பெரும்பாலான வண்டிகளில் முதலில் பூட்டும் பட்டனை ஒருமுறை அழுத்தி எடுக்க வேண்டும். உடனே, சில நொடிகளுக்குள், ஸ்டார்ட் பட்டனை இரண்டு முதல் நான்கு நொடி பிடித்திருக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் வளைந்த அம்புக்குறி இருக்கும். "தட்டி எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். தட்டினால் ஆகாது, பிடித்திருக்க வேண்டும். பையில் கிடக்கும்போது தெரியாமல் பட்டு எஞ்சின் ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். அதே பட்டனை மறுபடி பிடித்தால் எஞ்சின் நிற்கும்.

கதவு பூட்டுகிறது, திறக்கிறது. ஆனால் எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கதவு பூட்டுகிறது என்றால் ரிமோட், அதன் பேட்டரி, வண்டியின் ரிசீவர் மூன்றும் பிழைத்திருக்கின்றன. ஆக, வண்டி கேட்கிறது, ஆனால் மறுக்கிறது.

மறுப்பதற்கான காரணங்களில் நான் அதிகம் பார்த்தது சரியாக மூடாத கதவு. டிக்கியும் கதவுக் கணக்கில்தான் வரும். பூட்டும்போது விளக்கு மின்னாமல் போனாலோ ஹார்ன் வழக்கத்துக்கு மாறாக ஒலித்தாலோ முதலில் அதைப் பாருங்கள். அடுத்தது கியர். ஆட்டோமேட்டிக் வண்டி 'பி' (பார்க்) நிலையில் நின்றே ஆக வேண்டும். அப்புறம் ஹசார்டு விளக்கு: நான்கு இண்டிகேட்டரும் மின்னிக்கொண்டிருந்தால் பல வண்டிகள் ரிமோட் ஸ்டார்ட்டை ஏற்காது. இன்னொரு சாவி உள்ளே கிடந்தாலும் ஏற்காது. அது கைப்பைக்குள் இருக்கலாம், இருக்கைக்கு அடியிலும் இருக்கலாம். எரிபொருள் மிகக் குறைவாக இருக்கும்போதும், டேஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும்போதும் சில வண்டிகள் மறுக்கும். தவிர, ரிமோட் மூலம் இரண்டு முறை ஸ்டார்ட் செய்த பிறகு மூன்றாவது முறை பெரும்பாலும் கிடைக்காது; ஒருமுறை நேரில் போய் வண்டியை ஆன் செய்து அணைத்தால்தான் கணக்கு மீண்டும் பூஜ்யத்துக்கு வரும்.

தனியாக வாங்கிப் பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்டராக இருந்தால், மறுக்கும்போது பார்க்கிங் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். பல மாடல்களில் அந்த எண்ணிக்கைதான் காரணம். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று அதன் தாளில் போட்டிருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள், அது வேறு விஷயம்.

பானட் திறந்திருந்தால் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

உள்ளே கையை விட்டிருக்கும் மெக்கானிக்கின் விரல்களுக்காக. ஃபேனும் பெல்ட்டும் திடீரென்று சுழன்றால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். பானட்டின் பூட்டுக்கருகே சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். அது பானட் மூடியிருப்பதைக் கணினிக்குச் சொல்லும். அதில் துரு ஏறினாலோ அழுக்கு அடைத்தாலோ, பானட் இறுக்கமாக மூடியிருந்தும் திறந்திருப்பதாகவே கணினி நம்பும். என் வண்டியில் இரண்டு வாரம் இதைக் கண்டுபிடிக்காமல் ரிமோட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காண்டாக்ட் கிளீனர் (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்துத் துடைத்ததில் சரியாகிவிட்டது. அந்தச் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிட்டால் "பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது ரிமோட் ஸ்டார்ட்டை முடக்கிவைக்கும் 'வேலே' நிலை உங்கள் வண்டியில் இருந்தால், அதில் போட்டுக் கொடுப்பது நல்லது.

பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பழுதா?

இல்லை. பெரும்பாலும் 10 அல்லது 15 நிமிடம்தான். நாம் மறந்துவிட்டால் வண்டி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை யாராவது ஓட்டிக்கொண்டு போய்விட முடியாதா?

வண்டித் தயாரிப்பாளரே பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்டில் கதவு பூட்டியே இருக்கும். கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தாலும், சாவி அருகில் இல்லாமல் பிரேக்கை மிதித்ததும் எஞ்சின் நின்றுவிடும், கியரும் நகராது. திருடனுக்குக் கிடைப்பது குளிர்ந்த இருக்கை மட்டும்.

அப்படியென்றால் நான் ஏறி பிரேக்கை மிதித்தாலும் நின்றுவிடுகிறதே?

அதே பாதுகாப்புதான் உங்களையும் பிடிக்கிறது. ரிமோட்டில் ஓடும் வண்டி இன்னும் முழுக்க ஆன் ஆகவில்லை. சாவியைத் திருகாமல் உள்ளே உள்ள பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் பட்டன் வண்டியாக இருந்தால், சாவி உங்களிடம் இருக்க, பிரேக்கை மிதித்தபடி அந்த ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். திருகும் சாவியாக இருந்தால் பிரேக்கைத் தொடும் முன்பே சாவியைச் செருகி 'ஆன்' வரை திருகுங்கள். ஸ்டார்ட் வரை திருக வேண்டாம், எஞ்சின் ஏற்கெனவே ஓடுகிறது. சில வண்டிகள் கதவைத் திறந்ததுமே எஞ்சினை அணைத்துவிடும். அது அவற்றின் வடிவமைப்பு. நாமே மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ள வேண்டியதுதான்.

மேனுவல் கியர் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கவனமாக. கியரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட்டர் மோட்டார் சுழற்றினால் வண்டி முன்னால் பாயும். ஆளில்லாத வண்டி எதிரில் இருப்பவர் மேல் ஏறுவதற்கு அது போதும். இறக்கத்தில் கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

தனியாகப் பொருத்தும் நல்ல கருவிகளில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போதே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் சாவியை உருவிய பிறகும் எஞ்சின் ஓடும். இறங்கிக் கதவுகளை மூடிப் பூட்டியதும் எஞ்சின் தானாக அணையும். கடைசியில் எஞ்சின் ஓடியபடி ஆள் இறங்கியதால், வண்டி நியூட்ரலில்தான் நிற்கிறது என்று கருவிக்கு உறுதியாகத் தெரியும். அதற்குப் பிறகு கதவை ஒருமுறை திறந்தாலும் அந்த உறுதி போய்விடும். முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு பொருளை எடுக்கக் கதவைத் திறந்து மூடிவிட்டு "வேலை செய்யவில்லையே" என்பவர்கள் உண்டு. வேலை செய்யாததால்தான் அது நல்ல கருவி. இந்த முறை இல்லாத கருவியை மேனுவல் வண்டியில் பொருத்த முன்வருபவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் வண்டியை உண்மையிலேயே பிடித்து நிறுத்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கலாமா?

கூடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டுக்கூடச் செய்யாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அது இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி இதை எரித்துச் சுத்தம் செய்யும்தான். ஆனால் அது சில நூறு டிகிரி சூடேறிய பிறகே ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சின் எரிபொருளையும் கூடுதலாகவே குடிக்கும். ஆக, ரிமோட் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசமானவை.

இன்னொரு ஆபத்து பட்டன் வண்டிகளில். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சாவி பையில் இருப்பதால் அணைத்துவிட்டோம் என்று நினைத்து வீட்டுக்குள் போய்விடுவார்கள். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வீட்டை ஒட்டி ஷெட் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வீட்டுக்குள் மாட்டுங்கள். பனி மூடிய இடங்களில், புகைக்குழாயின் வாய் பனியில் புதைந்திருக்கிறதா என்று பார்க்காமல் ரிமோட்டை அழுத்த வேண்டாம்.

எஞ்சினை எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களுக்கு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் போதும். கடும் பனி என்றால் இன்னும் கொஞ்சம். பத்து நிமிடம் நிறுத்தியபடி ஓடவிடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். அதற்குள் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எண்ணெயில் கலக்கும். முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் எஞ்சினோடு கியர்பெட்டி, டயர், பேரிங் எல்லாமே சேர்ந்து சூடேறும். ஒளிவு மறைவில்லாமல் சொன்னால், ரிமோட் ஸ்டார்ட் எஞ்சினுக்கான வசதி இல்லை, உட்காருகிறவருக்கான வசதி. கண்ணாடியில் படிந்த பனி உருக வேண்டும், இருக்கை தொடுகிற பதத்துக்கு வர வேண்டும் என்பதற்காகப் பயன்படுத்துங்கள். அதற்கு ஐந்து நிமிடம் தாராளம்.

வெயிலில் நின்ற வண்டியைக் குளிர வைக்க?

வெளியே 35 டிகிரி என்றால் மூடிய வண்டிக்குள் 50-ஐத் தாண்டும். பல ரிமோட்டுகளில் திறக்கும் பட்டனைப் பிடித்திருந்தால் கண்ணாடிகள் இறங்கும். முதலில் அந்த வெக்கையை வெளியேற்றுங்கள். அதன்பின் ஏசி. தானியங்கி ஏசி இருந்தால் ரிமோட்டில் ஸ்டார்ட் ஆனதும் அதுவே பார்த்துக்கொள்ளும். குமிழைத் திருகும் சாதாரண ஏசி என்றால், நீங்கள் கடைசியாக விட்ட நிலையிலேயே தொடங்கும். எனவே இறங்கும்போது ஏசியை ஆனில் விட்டு இறங்க வேண்டும். நான் இதை மறந்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அடுப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளில்?

எலெக்ட்ரிக் வண்டியில் புகை இல்லாததால் மூடிய இடத்திலும் முன்கூட்டியே குளிர்விக்கலாம், சூடாக்கலாம். சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே செய்தால் பெரும்பாலும் அந்த மின்சாரம் சுவரிலிருந்து வரும். ஓட்டும் தூரம் குறையாது. ஹைப்ரிட்டில் ரிமோட்டை அழுத்தி எஞ்சின் சத்தமே வராவிட்டால் பதற வேண்டாம், பேட்டரியிலேயே ஏசி ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஹைப்ரிட்டின் எஞ்சின் எந்த நொடியிலும் தானாக ஓட ஆரம்பிக்கும் என்பதால், மூடிய ஷெட் விதி அதற்கும் உண்டு.

கைப்பேசி செயலி இருக்கிறதே, ரிமோட் எதற்கு?

செயலிக்குத் தூரக் கணக்கில்லை, உண்மைதான். கட்டளை முதலில் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வண்டிக்குள் இருக்கும் சிம் வழியாக வண்டிக்கு வரும். இதில் எது அறுந்தாலும் வேலை நடக்காது. நிலத்தடி வண்டி நிறுத்தத்தில் சிக்னல் இல்லை என்றால் அவ்வளவுதான். 2022-இல் அமெரிக்காவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, 3ஜி மோடம் பொருத்திய பல கார்களில் செயலி வழி ரிமோட் ஸ்டார்ட்டும் கூடவே போய்விட்டது. சந்தா முடிந்தாலும் இதே கதை. ரிமோட் இதில் யாரையும் நம்பி இல்லை.

ரிமோட் முன்புபோல் தூரத்திலிருந்து எடுக்கவில்லை. என்ன செய்வது?

முதல் சந்தேகம் பட்டன் பேட்டரி. அதிகம் புழங்குவது சிஆர்2032; 3 வோல்ட். அந்த எண்ணுக்கே அர்த்தம் உண்டு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 என்றால் அதே விட்டம், 2.5 தடிமன். அதனால் 2032 இருந்த இடத்தில் 2025 போட்டால் உட்காரும், ஆனால் தளர்வாக இருக்கும். அதிர்வில் தொடர்பு விட்டு விட்டு வரும். பழைய பேட்டரியில் பொறித்திருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஓரத்தில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளி உள்ளிருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். அந்தப் பள்ளத்தில் துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாகத் திருகினால் உறை இரண்டாகப் பிரியும். பிளஸ் பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைக் கழற்றும் முன்பே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புதியதை ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள். விரல் எண்ணெய் முகப்பில் படக் கூடாது. கழற்றிய பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்; விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பேட்டரி புதியது, ஆனாலும் தூரம் வரவில்லை என்றால் இடத்தை மாற்றிப் பாருங்கள். செல்பேசிக் கோபுரம், மலிவான எல்இடி விளக்கு, கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருக்கும் டேஷ் கேமரா இவையெல்லாம் குறுக்கிடும். அவசரத்துக்கு ஒரு வித்தை: ரிமோட்டைத் தாடையை ஒட்டி வைத்து அழுத்தினால் தூரம் கொஞ்சம் கூடும். தலையில் உள்ள நீர் ஆண்டெனா போல உதவுகிறது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்கிறது.

ரிமோட் பேட்டரி முழுக்கத் தீர்ந்து, வண்டிக்கு வெளியே நிற்கிறேன்.

ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் சாவித்துளை இருக்கும். சில வண்டிகளில் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். திறந்ததும் அலாரம் அலறலாம், பயப்படாதீர்கள். உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்துங்கள். ரிமோட்டில் பேட்டரி தேவைப்படாத இன்னொரு சில்லு இருக்கிறது. வண்டி அனுப்பும் அலையிலிருந்தே அது சக்தி எடுத்துப் பதில் சொல்லும். சில மாடல்களில் ரிமோட்டை வைக்க கப் ஹோல்டரிலோ நடுப் பெட்டியிலோ குறிப்பிட்ட இடம் உண்டு. அந்த இடம் எது என்பதை இன்றே கையேட்டில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், மழையில் தேடுகிற விஷயமில்லை அது.

ரிமோட் சட்டையோடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டது.

என்னுடையதும் போயிருக்கிறது. பட்டனை அழுத்திச் சோதிக்காதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால்தான் சர்க்கியூட் அரிக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு, உள்பலகையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான தூரிகையால் துடைத்து, இரண்டு நாள் காற்றில் உலர விடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். பிறகு புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள்.

சாவி வேறொருவர் பையில் இருக்க, நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியில் நின்றுவிடுமா?

நிற்காது. ஓடும் எஞ்சினைச் சாவி இல்லை என்பதற்காக அணைத்தால் அதுதான் ஆபத்து. கதவைத் திறந்து மூடியபோதே எச்சரிக்கை ஒலியும் டேஷ்போர்டில் செய்தியும் வந்திருக்கும். ஆனால் அணைத்தீர்கள் என்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எனவே அணைக்காமல் அப்படியே திரும்பிப் போங்கள். மனைவியை இறக்கிவிட்டு, சாவி அவர் பையில் இருந்ததை நாற்பது கிலோமீட்டர் தாண்டி பெட்ரோல் பங்கில் தெரிந்துகொண்டவன் நான்.

ஓடும்போது ஸ்டார்ட் பட்டன் கைபட்டால்? அவசரத்தில் எஞ்சினை அணைக்க?

சும்மா ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகாது. ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது போன்ற ஆபத்தில், பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி முதலில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பட்டனை இரண்டு மூன்று நொடி விடாமல் பிடியுங்கள், அல்லது மூன்று முறை விரைவாக அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகள் இரண்டில் ஒன்றை ஏற்கும். எஞ்சின் நின்றபின் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் கட்டையாகும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து நிறுத்துங்கள்.

ஸ்டியரிங் இறுகிப்போய் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பூட்டு விழுந்திருக்கிறது. ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள், அல்லது சாவியைத் திருகுங்கள்.

ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யவில்லை, கியரும் 'பி'யை விட்டு வரமாட்டேன் என்கிறது.

இரண்டும் சேர்ந்து வந்தால் யாரையாவது பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் பிரேக் மிதியின் மேலே இருக்கும் சிறு சுவிட்ச், இல்லாவிட்டால் அதன் ஃப்யூஸ். நீங்கள் மிதிப்பதே கணினிக்குத் தெரியவில்லை, அதனால் எதையும் அனுமதிக்கவில்லை. சுவிட்ச் சிறிய பாகம்தான், மாற்றுவதும் எளிது. வண்டியை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் கைப்பிடி அருகே சின்ன மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபடி கியரை மாற்றலாம். பிரேக் விளக்கு எரியாத வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள்.

வண்டியின் பெரிய பேட்டரிக்கும் ரிமோட் ஸ்டார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பேட்டரி நலிந்தால் வண்டி முதலில் கைவிடுவது இத்தகைய வசதிகளைத்தான். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கவலைப்படலாம். தினமும் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஸ்டார்ட்டர் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அந்த ஐந்து நிமிடம் போதாது. ரிமோட் சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டால் இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்து, இரண்டு பேட்டரியும் கரையும். சில மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாமல் போகலாம். கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில நொடி அப்படியே இழுத்துப் பிடித்திருந்தால் பல வண்டிகளில் நினைவு திரும்பும்.

சுவிட்சுகளைச் சுத்தம் செய்ய என்ன போடலாம்?

லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி. அவ்வளவுதான். கை சானிடைசரைச் சுவிட்சில் தேய்த்தால் எழுத்து அழியும். திரவத்தை நேராக அடிக்காமல் துணியில் தொட்டுத் துடையுங்கள். பானம் சிந்தி ஒட்டிக்கொண்ட ஜன்னல் சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர் புத்துயிர் தரும். முதலில் வண்டியை அணைத்துவிடுங்கள். தானியங்கி வைப்பர் இருந்தால், வண்டி கழுவும் முன் அதை ஆஃப் செய்யுங்கள். பின்கதவின் குழந்தைப் பூட்டு மறந்துபோய் ஆனில் இருந்து, "கதவு உள்ளிருந்து திறக்கவில்லை" என்று மெக்கானிக்கிடம் போனவர்களும் உண்டு.

வெளியே வாங்கிப் பொருத்தலாமா?

பொருத்துகிறவரைப் பொறுத்தது. வண்டியின் இம்மொபிலைசர், சரியான சில்லு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாது. அதைச் சமாளிக்கச் சிலர் உங்கள் உபரிச் சாவியின் சில்லையே டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைப்பார்கள். திருடனுக்கு வாசலில் சாவியை வைத்துவிட்டுப் போவதுபோல் அது. அந்தந்த மாடலுக்கென்று உள்ள தரவு மாட்யூலை (இம்மொபிலைசரோடு முறையாகப் பேசும் சிறு கருவி) பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். கம்பிகளைச் சீவி முறுக்காமல், வண்டியின் சாக்கெட்டில் அப்படியே செருகும் ஹார்னஸ் (கம்பிக் கட்டு) கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். இக்னிஷன் கம்பிகளில் ஓடுவது பெரிய மின்னோட்டம். தளர்ந்த இணைப்பு சூடேறி எரியும். பானட் சுவிட்சைப் பொருத்தாமல் வேலை முடிந்தது என்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டி என்னாகும் என்பதையும், ஆளில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது உங்கள் ஊர்ச் சாலைச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டதா என்பதையும் பொருத்தும் முன்பே விசாரியுங்கள். ஜெர்மனி, பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் தடை உண்டு.

சாவி வீட்டுக்குள் இருக்க, வாசலில் நின்ற வண்டியைத் திருடுகிறார்களாமே?

பையிலிருந்து சாவியை எடுக்காமலே கதவு திறக்கும் வண்டிகளில் இது நடக்கிறது. ஒருவன் வண்டியருகே நிற்பான், இன்னொருவன் உங்கள் வாசலருகே. கையில் உள்ள கருவிகளால் வண்டியின் அலையை வீட்டுக்குள் இருக்கும் சாவி வரை நீட்டித்து, சாவி பக்கத்தில் இருப்பதாக வண்டியை நம்பவைப்பார்கள். மாறும் ரகசிய எண் இதைத் தடுக்காது. பதில் சொல்வது உண்மையான சாவிதானே. உலோக இழை வைத்த சாவிப் பை உதவும். வாங்கியதும் சாவியை அதில் போட்டுக்கொண்டு வண்டியருகே நின்று கைப்பிடியை இழுங்கள். கதவு திறந்தால் பை உதவாத பை. அந்த வசதியையே அணைத்துவைக்கவும் பல வண்டிகளில் வழி உண்டு. சில புதிய சாவிகள் அசைவில்லாமல் கிடந்தால் தூங்கிவிடும்.

பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். ஒரு சாவிதான் கொடுத்தார்கள்.

மற்றொன்று யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சர்வீஸ் சென்டரில் கொடுத்து வண்டியின் நினைவில் உள்ள எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, உங்கள் கையில் உள்ளதையும் புதிதாக ஒன்றையும் மட்டும் பதியச் சொல்லுங்கள். காணாமல்போன சாவியால் அதற்குமேல் எஞ்சினை எழுப்ப முடியாது. அதன் இரும்புச் சாவி கதவை மட்டும் திறக்கும், அதனால் உள்ளே விலையுள்ள எதையும் விட்டுவைக்காதீர்கள். செயலியும் அப்படித்தான்: முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் பதிவுசெய்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.